உளவளத்துணைக்குப் போகுமுன்: துணைநாடியின் உரிமைகளும் பொறுப்புகளும், ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் நாள் போனபோது ஸ்கூட்டியை அந்த வாசலில் விடவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பலசரக்குக் கடை முன்னால் விட்டுவிட்டு நடந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆளைப் பார்க்கத் தேவையில்லை, வண்டியைப் பார்த்தே இன்னாருடைய பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். கடைக்கார அண்ணை சும்மா விடுவாரா? "தங்கச்சி, ஆர் வீட்டை போறியள்?" என்றார். ரியூசன் விசாரிக்கப் போகிறேன் என்று ஒரு பொய் சொன்னேன்.

அந்தப் பொய் தேவைப்படாமலே போயிற்று. உள்ளே நான் அழுது சொன்னது மூன்று கிழமைக்குள் என் மாமியின் காதுக்கு வந்துவிட்டது. ஒரு வருடம் கழித்து, வேறொரு இடத்தில், வேறொரு அக்காவிடம் போனேன். அவர் முதல் பதினைந்து நிமிடமும் என் பிரச்சினையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் அவரிடம் என்னவெல்லாம் கேட்கலாம் என்றுதான் சொன்னார். இப்படிக் கேட்கலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இந்த வழிகாட்டி அந்தப் பதினைந்து நிமிடத்திலிருந்து விரிந்தது.

தொடங்குமுன் ஒரு சொல். உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சிலிங்குக்கு, வருகிறவரை நோயாளி என்று சொல்வதைத் தவிர்க்கும் வழக்கம், அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களில் வலியுறுத்தியதால் பரவியது. நம் பக்கத்தில் அப்படி வருகிறவருக்குத் துணைநாடி என்ற சொல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். நாடி பார்க்கும் வைத்தியரிடம் கையை நீட்டிக்கொண்டு இருந்தால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். துணைநாடி அப்படி இருக்க முடியாது. நாடுகிறவர் அவர், தேடுகிறவர் அவர். உரிமையும் பொறுப்பும் ஒரே ஆளிடம் வந்து சேர்வது அதனால்தான்.

முதலாம் படி: யாரிடம் போகிறோம்?

ஊரில் எல்லாரையும் சேர்த்து "மனநல டொக்டர்" என்றுவிடுகிறோம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவளத்துணையாளர் மருந்து எழுத முடியாது, எழுதவும் கூடாது. அவருடைய கருவி கதைப்பதும் கேட்பதும்தான். உளவியலாளர் உளவியலைப் பாடமாகப் படித்தவர், மதிப்பீடும் உளச்சிகிச்சையும் செய்பவர். சீர்மியம் என்று பெயர்ப்பலகையில் கண்டால் குழம்ப வேண்டாம், அதுவும் உளவளத்துணைக்கு இங்கே வழங்கும் பெயர்தான்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அரசாங்கச் சேவை என்றால் காசு இல்லை. 1980களிலிருந்து இயங்கும் சாந்திகம் போன்ற தொண்டு நிறுவனங்களும் உண்டு. தனியாரிடம் போனால் கட்டணம்.

எங்கே போனாலும் இந்தக் கேள்விகளைக் கேட்பது உங்கள் உரிமை: என்ன படித்தீர்கள், எத்தனை காலம் படித்தீர்கள், உங்கள் வேலையை யார் மேற்பார்வை செய்கிறார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே சில நாள் பயிற்சியோடு உளவளத்துணையில் இறங்கியவர்கள் பலர். அவர்களில் நல்ல மனசுக்காரர் நிறைய. ஆனால் நல்ல மனசு வேறு, பயிற்சி வேறு. ஒழுங்காகப் பயின்ற ஒருவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். "என்னையே கேள்வி கேட்கிறீரோ?" என்று முகம் சுளித்தால், கட்டணம் கொடுக்குமுன் எழும்பி வந்துவிடலாம்.

மூன்றே அமர்வில் சுகமாக்கித் தருகிறேன் என்பவரிடமும் அப்படியே.

இரண்டாம் படி: நாள் குறிப்பது

போனில் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். ஓர் அமர்வு எவ்வளவு நேரம் (பெரும்பாலும் முக்கால் மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில்), கட்டணம் எவ்வளவு, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா வேண்டும் என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் தெரிவு இருக்காது, ஆனால் கேட்பதில் வெட்கம் இல்லை. தமிழில் கதைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். துக்கத்தை மொழிபெயர்ப்பாளர் ஊடாகச் சொல்வது பெரிய களைப்பு.

யார் கூட வருவது என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். நம் வீடுகளில் ஒருவர் வெளிக்கிட்டால் மூவர் வெளிக்கிடுவார்கள். அம்மா விறாந்தையில் இருக்கலாம், அறைக்குள் வர வேண்டுமா என்பது உங்கள் முடிவு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள். அப்போதும் பிள்ளை தனியே கதைக்க நேரம் கொடுக்க வேண்டும். எதைப் பெற்றோருக்குச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு முன்னாலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுகிற உளவளத்துணையாளரை நம்பலாம்.

மூன்றாம் படி: முதல் அமர்வில் ஒப்புதல்

ஒரு படிவம் நீட்டுவார்கள். வங்கியில் கையெழுத்து வைப்பது போல வைத்துவிடாதீர்கள். வாசியுங்கள். விளங்கவில்லை என்றால் விளங்கப்படுத்தக் கேளுங்கள். படிவமே இல்லாத இடங்களும் உண்டு, அங்கே வாயால் கேட்டுத் தெளிவாக்க வேண்டும்.

என்னைப் பற்றிக் குறிப்பு எழுதுவீர்களா? அது எங்கே இருக்கும், பூட்டு உண்டா, வேறு யார் திறப்பார்கள்? ஒலிப்பதிவு செய்வீர்களா? பயிற்சி மாணவர் யாரும் கூட இருப்பார்களா? என்ன முறையில் வேலை செய்வீர்கள், ஏறத்தாழ எத்தனை தரம் வர வேண்டியிருக்கும்? இவ்வளவும் தெரிந்த பிறகு தருவதுதான் ஒப்புதல். தந்ததைத் திருப்பி எடுக்கவும் முடியும். நாலாவது அமர்வில் "இந்தப் பிள்ளை இனி இருக்க வேண்டாம்" என்று மாணவியைக் காட்டிச் சொல்ல நினைத்து, அவளுக்கு மனம் நோகுமே என்று நான் விழுங்கிய நாள் ஒன்று உண்டு. சொல்லியிருக்கலாம். அவள் படிக்க வந்தவள், என் மறுப்பும் அவளுக்கு ஒரு பாடம்தான்.

நான்காம் படி: இரகசியம்

ஊர் சிறியது என்பதால் இந்தப் படியில்தான் நம்மவர்கள் தடக்கி விழுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீங்கள் சொன்னதை மட்டுமல்ல, நீங்கள் அங்கே வந்தீர்கள் என்பதையே வெளியே சொல்லக்கூடாது. இதுதான் அடிப்படை. கணவர் கேட்டாலும், பாடசாலை அதிபர் கேட்டாலும், கலியாணம் பேசும் தரகர் நைசாக விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: சொல்ல முடியாது. கனடாவிலிருந்து கட்டணம் அனுப்பும் அண்ணா போன் எடுத்து, "நான்தானே காசு கட்டுறன், அவள் என்ன சொன்னவள்?" என்று கேட்பார். அண்ணா வாங்கிக் கொடுத்தது தங்கைக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்பது அந்தக் காசில் அடங்காது. இதை அண்ணாவுக்குச் சொல்வது உளவளத்துணையாளரின் வேலை, உங்கள் தலையில் அவர் அதைக் கட்டக்கூடாது.

இரகசியத்துக்கு எல்லைகளும் உண்டு. அவற்றை முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால், இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து என்றால், ஒரு சிறுவர் துன்புறுத்தப்படுவது தெரியவந்தால், நீதிமன்றம் கட்டளையிட்டால், தேவையான ஆட்களுக்குத் தேவையான அளவு மட்டும் சொல்வார். இரண்டாவது எல்லை எழுத்தில் உறுதியானதற்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. 1969 இல் கலிபோர்னியாவில் ஒரு மாணவன், தான் விரும்பிய பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் சொன்னான், பிறகு செய்தும் முடித்தான். அந்தப் பெண்ணை யாரும் எச்சரிக்கவில்லை. அவளுடைய பெற்றோர் தொடுத்த டராசோஃப் வழக்கில், ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976 இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டுச் சட்டம் வேறு. ஆனாலும் அந்த வழக்கின் நிழல் உலகமெங்கும் இந்தத் துறையின் நெறிமுறைகளில் விழுந்திருக்கிறது.

நீதிமன்றம் பற்றியும் தெரிந்திருப்பது நல்லது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு நம் சாட்சியச் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது. உளவளத்துணையாளரிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பாதுகாப்பு அதில் இல்லை. விவாகரத்து வழக்கோ காணி வழக்கோ ஓடிக்கொண்டிருந்தால், அதை முதலிலேயே சொல்லி, என்ன குறிப்பு எழுதப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்று சொன்னால் பொலிசுக்குப் போய்விடுமோ என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 இலேயே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. எண்ணம் எப்போதும் குற்றமாக இருந்ததில்லை. தயங்காமல் சொல்லுங்கள், உங்களைப் பாதுகாக்க அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், உறவு. இங்கே எந்த இருவரும் நாலு கேள்விக்குள் சொந்தக்காரராகிவிடுவார்கள். உளவளத்துணையாளர் உங்கள் மச்சாளோடு படித்தவராக இருக்கலாம், உங்கள் பிள்ளையின் ஆசிரியராகவும் இருக்கலாம். அப்படி ஒரு தொடர்பு தெரியவந்தால் இருவரில் எவரும் அதைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குச் சங்கடம் என்றால் வேறொருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளில் ஒரு நாளாவது வீதியில் முகத்துக்கு முகம் காண்பீர்கள். "கண்டால் என்ன செய்வீர்கள்?" என்று முதல் நாளே கேளுங்கள். என் உளவளத்துணையாளர் அக்கா சொன்ன பதில்: "நீர் சிரிச்சால் நானும் சிரிப்பன். நீர் பார்க்காமல் போனால் நானும் உம்மைக் காணேல்லை." அதைக் கேட்டபோதே எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

வட்ஸ்அப் வழியாக அமர்வு என்றால், அவர் எங்கே இருந்து கதைக்கிறார், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாரா என்று கேட்கலாம். நீங்களும் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். கிணற்றடி பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிணற்றடி.

ஐந்தாம் படி: அறைக்குள்

சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் இருக்கலாம். அழலாம், அழாமலும் இருக்கலாம். நேரம் முடியுமுன் எழும்பி வரலாம். உங்கள் சாதி, சமயம், நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்பதெல்லாம் தீர்ப்புச் சொல்லப்பட வேண்டிய விஷயங்கள் அல்ல. ஊரின் பெயரைக் கேட்டு, அப்பாவின் பெயரைக் கேட்டு, ஆட்கள் யார் என்று மோப்பம் பிடிக்கும் கேள்வி வந்தால், "இது ஏன் தேவை?" என்று கேளுங்கள்.

"கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும்" என்று ஓர் உளவளத்துணையாளர் சொன்னால், அவர் மாமியின் வேலையைப் பார்க்கிறார் என்று அர்த்தம். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போங்கோ" என்பதும் அதே கணக்குத்தான், அதைவிட ஆபத்தானது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அந்த வழி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, அதில் போவதா இல்லையா என்பது உங்கள் முடிவு.

உடலைத் தொடுவது, பாலியல் பேச்சு, அமர்வுக்கு வெளியே தனியே சந்திக்கக் கூப்பிடுவது: இதற்கு எந்த விளக்கமும் ஏற்கத்தக்கதல்ல. "இதுவும் சிகிச்சைதான்" என்றால் அது பொய். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ்க் குற்றம்.

போர் தின்ற குடும்பங்களுக்கு இன்னொன்று. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவியிடமோ தாயிடமோ "அவர் இல்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் உளவளத்துணையாளருக்குக் கிடையாது. பொட்டு வைப்பதா, திதி கொடுப்பதா, படத்துக்கு மாலை போடுவதா என்பதை அவர்தான், அவருடைய நேரத்தில்தான் முடிவெடுப்பார். 1995 இடப்பெயர்வையோ 2009 ஐயோ முதல் நாளே முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நன்றாகப் பயின்றவர் முதலில் நிற்க நிலம் தருவார், கதை பிறகு வரும்.

அறிக்கைக்கு "ஒரு கதை" தேவை என்று நிறுவனங்கள் கேட்பதுண்டு. மறுக்கலாம். மறுத்தால் சேவை நிற்கக்கூடாது. பெயரை மாற்றுகிறோம் என்பார்கள். "ஊர்காவற்றுறையில் கோழி வளர்த்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும், ஒரு கையை இழந்த அக்கா" என்று எழுதினால், பெயர் எதற்கு? தீவகம் முழுக்க ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: நம் பக்கத்துக் கடமை

நேரத்துக்குப் போவது. வர முடியாவிட்டால் முதலே சொல்வது. பேசிய கட்டணத்தைக் கொடுப்பது. குடித்துவிட்டுப் போகாமல் இருப்பது. இவற்றை விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அரச கிளினிக்கில் நீங்கள் சொல்லாமல் விட்ட நேரம், விடிய முதல் பஸ் எடுத்து வந்து வாங்கில் காத்திருக்கும் ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய நேரம்.

உண்மை சொல்வதுதான் கடினமான கடமை. இரகசியமாக வைத்திருக்க உரிமை உண்டு என்றேன், ஆனால் சிலவற்றை மறைத்தால் வேலை நடக்காது. குளிசை எடுக்கிறீர்களா, எடுப்பதை நீங்களாகவே நிறுத்திவிட்டீர்களா, மது, போதை, முன்பு வேறு யாரிடமாவது போனீர்களா, இவற்றைச் சொல்லுங்கள். மந்திரித்து நூல் கட்டியிருந்தால் அதையும் சொல்லலாம். சட்டைக் கையை இழுத்து அந்த நூலை மறைத்துக்கொண்டு இருந்தவர்களில் நானும் ஒருத்தி. அக்கா கண்டுவிட்டு, "அம்மா கட்டினவவா? இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். மருந்தை நிறுத்துவதென்றால் எழுதிய டொக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். உளவளத்துணையாளர் சொல்லியும் நிறுத்தக்கூடாது.

அமர்வுக்கு இடையில் செய்யச் சொன்னதைச் செய்யுங்கள். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல்லுங்கள். நான் மூன்று கிழமை "எழுதினேன், கொப்பியை விட்டிட்டு வந்திட்டன்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் புளுகியிருக்கிறேன். அந்த மூன்று கிழமையும் வீண்.

பிடிக்காததைச் சொல்வதும் கடமைக்குள் வரும். "நீங்கள் போன கிழமை சொன்னது எனக்கு நொந்தது" என்று சொல்ல நமக்குப் பழக்கமில்லை. பெரியவர், படித்தவர், எப்படி எதிர்த்துச் சொல்வது என்று இரண்டாம் அமர்வோடு காணாமல் போய்விடுகிறோம். சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்டு அவர் என்ன செய்கிறார் என்பதிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

குழு அமர்வு என்றால் மற்றவர்களின் இரகசியம் உங்கள் பொறுப்பு. உளவளத்துணையாளருக்குத் தெரியாமல் ஒலிப்பதிவு செய்யாதீர்கள். நள்ளிரவில் அவருடைய சொந்த போனுக்கு அடிப்பதும் சரியல்ல. அவசரம் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும். சிறுவர் பற்றியது என்றால் 1929, பெண்களுக்கு 1938, அம்புலன்ஸ் தேவை என்றால் 1990.

பரிசு கொண்டுபோக வேண்டாம். நான் ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோனேன், வீட்டு மரத்துப் பழம். அவர் வாங்கவில்லை. முகம் சுருங்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் எனக்குக் கடன்படாமல் இருந்ததால்தான் அடுத்த மாதம் நான் கேட்க விரும்பாத ஒன்றை முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது என்று பிறகு விளங்கியது. ஆனாலும் அந்தப் பழங்கள் நல்ல பழங்கள்.

ஏழாம் படி: பிழைத்துப்போனால்

சின்னப் பிழை என்றால் முதலில் அவரிடமே சொல்லுங்கள். இரகசியம் உடைந்தாலோ, மரியாதை கெட்டாலோ, தொட்டாலோ அவரிடம் போகத் தேவையில்லை, நேரே மேலே போகலாம். நிறுவனம் என்றால் அதன் பொறுப்பாளர், பிரதேச செயலகம் என்றால் பிரதேச செயலாளர், வைத்தியசாலை என்றால் பணிப்பாளர் அல்லது பொறுப்பு மருத்துவ அதிகாரி. மருத்துவர் மீது என்றால் இலங்கை மருத்துவ சபை. அரச இடத்தில் உரிமை மீறப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. குற்றம் என்றால் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவு.

எழுத்தில் கொடுங்கள். என்ன நடந்தது, எந்தத் திகதி, யார் சொன்னார், ஒரு பக்கத்துக்குள். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள். அரச நிறுவனம் பதில் தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்ல வேண்டும்.

மாமி விஷயத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அப்போது இதெல்லாம் தெரியாது, தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனோ தெரியாது. அந்த இடத்துக்கு இன்னும் ஆட்கள் போகிறார்கள். அதை நினைத்தால் எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

எட்டாம் படி: முடிக்கும் நாள்

எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் போனை எடுக்காமல் மறைவதைவிட ஒரு கடைசி அமர்வுக்குப் போவது நல்லது. உளவளத்துணையாளர் நிறுத்துவதென்றால் (இடமாற்றம், பிரசவ விடுமுறை, நிறுவனத்தின் திட்டம் முடிவது) முன்கூட்டியே சொல்லி, அடுத்து யாரிடம் போவது என்று வழி காட்ட வேண்டும். நிதி முடிந்தது என்று ஒரே நாளில் கதவை மூடுவது சரியல்ல. கடைசி நாளில் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் பைல் எத்தனை காலம் இருக்கும், மறுபடி வர வேண்டும் என்றால் எப்படி வருவது?

என் கடைசி நாளில் அக்கா, தான் என்ன பிழை விட்டார் என்று கேட்டார். யோசித்துவிட்டு, சுவர்க்கடிகாரம் என் தலைக்குப் பின்னால் இருக்கிறது, நீங்கள் அதைப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் நான் அலுப்படிக்கிறேனோ என்று நினைப்பேன் என்றேன். அவர் எழும்பிப்போய், கதிரையில் ஏறி, ஆணியிலிருந்து அதைக் கழற்றினார். "எங்கை மாட்டுறது?" என்று கேட்டார். இருவரும் சேர்ந்து இடம் பார்த்தோம்.